காலில் கரண்ட் வைத்தால் ரத்த ஓட்டம் கூடுமா?

மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்ட்டுக்கு மனுச் செய்யும் சர்க்கரை நோயாளிகளில் சிலர், காலுக்கு வைக்கும் கரண்ட் மெஷின் வாங்கித் தரும்படி கேட்கிறார்கள். பேட் ஒட்டிய இடம் சிவந்து சூடாகிறது, ரத்தம் நன்றாகப் பாய்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

சாதாரண வெப்பத்தில் உடல் முழுவதும் உள்ள தோலுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் ரத்தம்தான் போகிறது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரும். இதைக் கூட்டிக் குறைப்பதில் நரம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. முன்கையில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கோடு சிவக்கும், சற்று நேரத்தில் அதைச் சுற்றியும் சிவப்பு பரவும். லண்டனில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். வலியை உணரும் மெல்லிய நரம்பு தூண்டப்பட்டால், செய்தி மூளைக்குப் போவதோடு, அதே நரம்பின் பக்கத்துக் கிளைகளிலும் திரும்பி ஓடுகிறது. அக்கிளைகளின் நுனியில் கசியும் ரசாயனம் சிறு ரத்தக் குழாய்களை விரிக்கிறது. போதிய வலுவுள்ள கரண்ட் அந்த நரம்பைத் தூண்டினாலும் இதேதான் நடக்கும்.

சர்க்கரை நோயில் பழுதாவதும் இந்த மெல்லிய நரம்புகள்தான். அவை கெட்டுப்போன பாதத்தில் சிவப்பு பரவுவது குறைந்துவிடும். உணர்வும் இல்லாததால், கரண்டைக் கூட்டிக்கொண்டே போய்த் தோலைச் சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அப்படியே தோல் சிவந்தாலும், தொடையிலோ காலிலோ அடைபட்ட பெரிய ரத்தக் குழாய் அதனால் திறக்காது.

மெஷினே வீண் என்று நாம் சொல்லவில்லை. வலி குறைக்கவும், தளர்ந்த தசையை இயக்கவும் பிசியோதெரபியில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் யாருக்கு, எவ்வளவு என்பதை விளம்பரம் சொல்லக் கூடாது, மருத்துவர் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அதற்கு முன், கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் சோதனையைக் கேளுங்கள். கணுக்காலில் வெகுவாகக் குறைந்திருந்தால் அடைப்பு இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் கெட்டிப்பட்டிருந்தால் இது சரியாகக் காட்டாது, ஸ்கேனும் தேவைப்படும். இச்செலவுக்கு மனுச் செய்தால், இன்ஷா அல்லாஹ், பரிசீலிப்போம்.

உளூவில் விரலிடுக்குகளைக் கோதிக் கழுவும்போதே வெடிப்பு, புண், நிறமாற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வெந்நீராக இருந்தால் சூட்டை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடையுங்கள்.