கீழாநெல்லி இருக்க ஊசி எதற்கு?

வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை பக்கமிருந்து கீழாநெல்லி கேட்டு என்னிடம் வருகிறவர்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் உண்டு. "சார், ரத்தம் சுத்தம் பண்ற இடத்துல மஞ்சள் காமாலை ஊசி போட்டுட்டு வரச் சொல்றாங்க. நாமதான் கீழாநெல்லி சாப்பிடறோமே, அது எதுக்கு?" என்பார்கள்.

சித்த வைத்தியனான நான் சொல்கிறேன்: முதலில் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்!

'ஹெபடைடிஸ் பி' என்பது ரத்தத்தின் மூலம் பரவும் காமாலை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் வருடத்தில் 150 தடவைக்கு மேல் உங்கள் ரத்தம் வெளியே வந்து குழாய்களில் ஓடித் திரும்புகிறது. இந்தக் கிருமியோ, உலர்ந்த ரத்தத் துளியில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் நிலையங்களில் தனி மெஷின் ஒதுக்குகிறார்கள்.

தடுப்பூசி என்ன செய்கிறது? காவல்காரனுக்குத் திருடனின் போட்டோவைக் காட்டி வைக்கிறது, அவ்வளவுதான். ஊசியில் இருப்பது கிருமி அல்ல, அதன் மேலுறைப் புரதம் மட்டுமே. வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கின்றன. சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தத்தில் சேரும் கழிவுகளால் அந்த அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கண் மங்கிய காவல்காரனுக்குப் படத்தைப் பெரிதாகவும், பல தடவையும் காட்டத்தானே வேண்டும்?

சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் மூன்று ஊசி. டயாலிசிஸ் நோயாளிக்கு 40 மைக்ரோகிராம் வீதம் நான்கு தவணை: முதல் நாள், பிறகு 1, 2, 6-வது மாதங்களில். புட்டத்தில் போடக்கூடாது, தோளுக்குக் கீழே புஜத்தில்தான் போட வேண்டும். அதுவும் ஃபிஸ்டுலா உள்ள கையில் வேண்டாம்.

இதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் கோட்டை விடுகிறோம். கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். 10 யூனிட்டுக்குக் குறைந்தால் பாதுகாப்பு இல்லை, மறுபடி நான்கு தவணையும் போட வேண்டியிருக்கும். 10-க்கு மேல் இருந்தாலும் வருடா வருடம் பாருங்கள். குறைந்திருந்தால் ஒரு பூஸ்டர்.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பிலேயே தங்கிவிட்ட 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்திருந்தது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை! ஆனால் 1990-ல் தாய்லாந்திலும், பிறகு வேறு நாடுகளிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த மூலிகையின் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த ஆய்வே நோய் வந்தவர்களைப் பற்றியது. வராமல் தடுக்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை.

இன்னொன்று. பச்சிலைச் சாறுகளில் பொட்டாசியம் இருக்கிறது. நமக்கு அது சிறுநீரில் போய்விடும். டயாலிசிஸ் நோயாளிக்குத் தங்கி, இதயத்துடிப்பையே நிறுத்திவிடலாம். தண்ணீரையே அளந்து குடிப்பவருக்கு டம்ளர் டம்ளராகச் சாறா? என் மருந்தானாலும் சரி, சிறுநீரக டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள்.

முடிந்தால் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, கிரியேட்டினின் ஏறத் தொடங்கியதுமே ஊசி போட்டுவிடுவது நல்லது. அப்போது உடம்பு இன்னும் நன்றாகக் 'கேட்கும்'. தமிழ்நாட்டில் 2011 முதல் குழந்தைகளுக்கு ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இது சேர்ந்து வருகிறது. பேரனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, தாத்தாவுக்குத்தான் இல்லை!

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. ஃப்ளூ ஊசி வருடம் ஒரு முறை, நிமோனியா ஊசி டாக்டர் சொல்கிறபடி.

போட்ட தேதிகளையும் அந்த யூனிட் கணக்கையும் டயாலிசிஸ் ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கல்யாணம், காட்சி என்று திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வேறு இடத்தில் டயாலிசிஸ் செய்ய நேர்ந்தால், அவர்கள் முதலில் கேட்பதில் அதுவும் ஒன்று.