பிரேக் தட்டும் வெப்பக் கணக்கும்

என் தமையனார் எட்டாம் வகுப்போடு பட்டறைக்குப் போனவர். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் கார் ஒன்றுக்கு மெக்கானிக். சென்ற ஆண்டு, பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, தட்டு கோணிவிட்டது, பூட்டியவர் தவறுதான் என்று சொல்லி அவர் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அந்த வழக்குக்காகவே இக்கணக்கைப் போட்டேன்.

1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 144 கிலோமீட்டரிலிருந்து 72க்கு இறங்கினால் இழக்கும் இயக்க ஆற்றல் 6 லட்சம் ஜூல். அதில் நூற்றுக்கு 70 பங்கு முன்தட்டுகள் இரண்டுக்கும் வெப்பமாகப் போகிறது என்று கொண்டால், 5 கிலோ வார்ப்பிரும்புத் தட்டு ஒவ்வொன்றும் ஒரே மிதியில் ஏறத்தாழ 90 டிகிரி சூடேறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு! (ஆய்வுக்கூடத்தில் கலோரிமீட்டரோடு மல்லாடியபோது இது வீட்டுக்கு உதவும் என்று நான் எண்ணவில்லை.)

ஆயினும் தட்டு உண்மையில் கோணுவது அரிது. கொதிக்கும் தட்டோடு காரை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருந்தால், பிரேக் பேடின் பொருள் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். உதறல் அதனால்தான். அந்தத் திட்டு மேலும் சூடேறி 650 டிகிரியைத் தாண்டினால், அடியிலுள்ள இரும்பே கடினமான சிமென்டைட்டாக மாறக்கூடும். பிறகு கடைந்தாலும் உதறல் திரும்பி வரும். எனவே கடைசிச் சுற்றில் பிரேக்கைக் கூடியவரை தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். புதுப் பேடுகளைப் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்க வேண்டும். விளிம்பை எட்டிய விரிசல் கண்டால் தட்டையே மாற்ற வேண்டும்.

பிடித்த கூலி திரும்பவில்லை. ஆனால் இப்போது கார் வந்து நின்றதும் தமையனார் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, "காலை எடுங்க சார்" என்கிறார். அவரும் எடுத்துவிடுகிறார்.