நாற்பது தலைமுறைத் தச்சர்கள்

ஒரு குடும்பம் தொடங்கும் தொழில் எத்தனை தலைமுறை நிலைக்கும்? மூன்று என்போம், மிஞ்சினால் நான்கு என்போம். ஜப்பானின் ஒசாகா நகரிலுள்ள கோங்கோ குமி என்னும் கட்டட நிறுவனமோ நாற்பது தலைவர்களைக் கண்டது!

கி.பி. 578-ல் இளவரசர் ஷோடோகு, புத்த ஆலயம் எழுப்புவதற்காகக் கொரியாவின் பெக்சே நாட்டுத் தச்சர்களை வரவழைத்தார் என்பது மரபு. அவர்களுள் ஒருவரே இக்குடும்பத்தின் மூதாதையான கோங்கோ ஷிகேமிட்சு. ஷிட்டென்னோஜி என்னும் அவ்வாலயம் 593-ல் எழுந்தது. தீயாலும் புயலாலும் அது அழிந்தபோது, பலமுறை இக்குடும்பத்தாரே மீண்டும் கட்டினர்.

இவர்கள் நிலைத்த இரகசியம் யாது? மூத்த மகன் என்பதற்காக மட்டும் தலைமை தரப்படவில்லை. தகுதியுள்ள மருமகனுக்கும் குடும்பப் பெயர் சூட்டிப் பொறுப்பளித்தனர். முப்பத்தேழாம் தலைவர் 1932-ல் மறைந்தபின், அவர் மனைவி யோஷியே தலைமை ஏற்றார். முதல் பெண் தலைவர் இவரே! 1934-ல் புயலில் வீழ்ந்த ஐந்தடுக்குக் கோபுரத்தை மீண்டும் எழுப்பும் பணியை இவர் முன்னின்று நடத்தினார்.

ஆயினும் 1980-களில் நிறுவனம் கடன்பட்டு நிலத்தில் முதலிட்டது. பின்னர் நில விலை சரிந்தது. ஆலயப் பணிகளும் குறைந்தன. 2006-ல் நிறுவனம் தகாமட்சு குழுமத்திடம் கைமாறியது. ஆலயத் தச்சு வேலை மட்டும் நிற்கவில்லை.

பாறைமேல் வீடு கட்டியவனின் உவமையை நாம் அறிவோம். இவர்களுக்குக் கைத்திறனே பாறை. கடன் வாங்கிய பணம் மணல். மாணவியரே, நாம் எதன்மேல் கட்டுகிறோம்?