பழைய கம்ப்யூட்டரை இணைத்தால் வேகம் கூடுமா?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பழைய கம்ப்யூட்டரையும் புதியதோடு இணைத்துவிட்டால் வேகம் இரண்டு மடங்காகுமா சார்?" இணைக்கலாம். ஆனால் வேகம் கூடுமா என்பது நீங்கள் கொடுக்கும் வேலையைப் பொறுத்தது.

பல கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து, ஒரு வேலையைப் பகிர்ந்து செய்ய வைப்பதற்கு க்ளஸ்டர் என்று பெயர். 1994-ல் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் 16 சாதாரண 486 ப்ராசசர்களை ஈதர்நெட்டில் இணைத்து 'பியோவுல்ஃப்' க்ளஸ்டரை உருவாக்கினார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ். எத்தனை கம்ப்யூட்டரில் போட்டாலும் லைசென்ஸ் கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் நாமே மாற்றியும் கொள்ளலாம். நம் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் 'கப்ரு' க்ளஸ்டரும் லினக்ஸில் ஓடியதுதான். 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸியான் ப்ராசசர்கள். 2004 ஜூனில் உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் இடம் பிடித்தது.

அந்த ஆசையில் கோவையில் என் வீட்டிலும் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை ஒரு ஸ்விட்சில் இணைத்து ஓப்பன்மோசிக்ஸ் போட்டேன். இது லினக்ஸ் கெர்னலோடு சேரும் ஒரு கூடுதல் பகுதி. ஒரு கம்ப்யூட்டரில் சுமை ஏறினால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைச் சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தானாகவே தள்ளிவிடும். ஒரு பாடலை எம்பி3 ஆக மாற்றிப் பார்த்தேன். வேகம் துளியும் கூடவில்லை! பல பாடல்களை ஒரே நேரத்தில் கொடுத்தபோதுதான் மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன.

சோமனூர் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான்கு தறி ஓட்டினால் நான்கு துணி வரும். ஒரே சேலையை நான்கு தறியில் நெய்ய முடியுமா? வேர்ட், கேம், இன்டர்நெட் எல்லாம் அந்த ஒற்றைச் சேலை மாதிரிதான். இவற்றுக்காக க்ளஸ்டர் கட்டினால் கரண்ட் பில்தான் ஏறும். அந்தப் பணத்தில் கூடுதல் ராம் வாங்கிப் போடுங்கள்.

ஓப்பன்மோசிக்ஸ் 2008-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பெரிய க்ளஸ்டர்களுக்கு 2015-ல் தொடங்கிய ஓப்பன்ஹெச்பிசி இருக்கிறது. வீட்டில் கற்றுக்கொள்ள இரண்டு கம்ப்யூட்டர்களிலும் உபுண்டுவின் ஒரே பதிப்பு, ஓப்பன் எம்பிஐ, எஸ்எஸ்ஹெச் போதும். ஆனால் எம்பிஐக்கென்றே எழுதிய புரோகிராம்கள்தான் அதில் பிரிந்து ஓடும்.

பிளெண்டரில் அனிமேஷன் செய்கிறீர்களா? உங்களுக்கு இதுவும் வேண்டாம். ஃபைலை இரண்டிலும் காப்பி செய்து, 1 முதல் 350 வரை ஃப்ரேம்களைப் புதியதற்கும், 351 முதல் 500 வரை பழையதற்கும் கொடுங்கள். பழையது மெதுவானது, அதனால்தான் பங்கு குறைவு. இரண்டிலும் பிளெண்டரின் பதிப்பு ஒன்றாக இருக்கட்டும்.