கோடைக்கு ஒரு காட்டன் டாப்ஸ்... நீங்களே தைக்கலாம்!

சித்திரை பிறந்துவிட்டால் போதும், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே புகார்தான். ‘டாக்டர், முதுகெல்லாம் நெருப்பா எரியுது. பவுடர் போட்டும் அடங்கல.’

அதற்கு மருந்து கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நான் பார்ப்பது நாக்கையும் நாடியையும் மட்டுமல்ல, அவர்கள் போட்டுக்கொண்டு வந்திருக்கும் துணியையும்தான்!

சென்னை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்காவது மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து ஆறுதல் தரும். அது அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்து சேர்வதற்குள் பல நாள் பொழுதே சாய்ந்துவிடுகிறது. ஆகவே நம் பக்கத்துக்காரர்கள் உடை விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும்.

வியர்வைக்கு வழி விடுங்கள்

வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. அந்த வியர்வை ஆவியாகிப் போகும்போதுதான் உடம்புச் சூட்டையும் கூடவே எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் வெளியேறும். துணி அதைத் தடுத்தால் என்ன ஆகும்? தோல் ஊறிப்போய், வியர்வைத் துவாரம் அடைபட்டு, வேர்க்குரு கிளம்பும். அக்குளிலும் மார்புக்குக் கீழும் இடுப்பு மடிப்பிலும் ஈரம் தங்கினால் படர்தாமரை வரும்.

நூறு கிராம் பருத்தித் துணி சாதாரணமாகவே காற்றிலிருந்து ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அதோடு, நம் ஊர் காற்றிலேயே ஈரம் அதிகம். எனவே பருத்தியாக இருந்தால் மட்டும் போதாது, காற்று புகுந்து வெளியேறும்படி தளர்வாகவும் இருக்க வேண்டும்.

அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்க்கும் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் கோடையில் உடுத்த அருமையான காட்டன் சட்டைகளைத் தைக்கிறவர். அவர் உடுத்தியிருந்ததோ உடம்பைப் பிடிக்கிற பாலியஸ்டர் சுடிதார். ‘இதுதான் டாக்டர் விலை கம்மி, இஸ்திரியும் வேணாம்’ என்றார். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கிரீமைப் பல மாதமாகத் தடவி, அது இன்னும் பரவியிருந்தது. மருந்து கொடுத்தேன். அதோடு, ‘அடுத்தவருக்குத் தைக்கிற கையால் உங்களுக்கும் ரெண்டு தைச்சுக்கோங்கம்மா’ என்றும் சொன்னேன்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தையல் வகுப்புக்குப் போகாதவர்கள்கூட ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

துணி வாங்கும்போது...

மல், வாயில், கேம்பிரிக் இவற்றில் ஏதாவது ஒன்று, வெளிர் நிறத்தில் ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். 36 அங்குலப் பன்னாவே போதும். நைந்துபோகாத பழைய நூல் புடவை இருந்தால் இன்னும் விசேஷம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும்.

சுத்தமான காட்டன்தானா என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டி அருகே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். அடுப்படியில் சேலையிலோ நைட்டியிலோ தீப்பிடித்தால் இப்படித்தான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. சமையல் வேலையில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

புதுத் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். கஞ்சி போகும், சுருங்குவதும் முதலிலேயே சுருங்கிவிடும்.

வெட்டும் முறை

மார்புச் சுற்று 36, இடுப்பின் கீழ்ச் சுற்று 40 அங்குலம் உள்ளவருக்கான அளவு இது.

1. துணியை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். உயரம் சுமார் 28 அங்குலம் வரும். மேலே இருக்கும் மடிப்புதான் தோள்பட்டை. பிறகு அகலத்தையும் பாதியாக மடியுங்கள். இப்போது நான்கு அடுக்கு. இரண்டு மடிப்பும் சேரும் மூலைதான் கழுத்து.

2. மூலையிலிருந்து தோள் மடிப்பில் 15 அங்குலம் அளந்து புள்ளி வையுங்கள். அங்கிருந்து கீழே எட்டரை அங்குலம், கையின் வாய். கை தனியாக வெட்ட வேண்டாம், உடம்போடு சேர்ந்தே வரும்.

3. தோள் மடிப்பிலிருந்து 10 அங்குலம் இறங்கி, நடு மடிப்பிலிருந்து 12 அங்குலத்தில் அக்குள் புள்ளி. அடிப்பகுதியில் 13 அங்குலம். மற்ற அளவுக்காரர்கள் அந்தந்தச் சுற்றை நான்கால் வகுத்து 3 கூட்டிக்கொள்ளுங்கள். கையையும் அக்குளையும் வளைவாகச் சேர்த்து, கீழே வரை கோடு போட்டு வெட்டுங்கள்.

4. கழுத்து அகலம் மூன்றரை, ஆழம் ஒன்றரை அங்குலம் வைத்து நான்கு அடுக்கையும் வளைவாக வெட்டுங்கள். பிறகு பின்பக்கத்தின் இரண்டு அடுக்கை ஒதுக்கிவிட்டு, முன்பக்கத்தை மட்டும் ஐந்தரை அங்குலம் வரை இறக்குங்கள். தலை நுழைகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

பூவோ மயிலோ ஒரே திசையில் அச்சடித்த துணி வேண்டாம். பின்பக்கம் தலைகீழாக வந்துவிடும்!

தைக்கும் முறை

மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மெஷின் இல்லையா? கையாலேயே நெருக்கமாகத் தைக்கலாம்.

கழுத்துக்கு: மீதித் துணியில் குறுக்கு வாட்டமாக ஒன்றேகால் அங்குல அகலத்தில் கிராஸ் பீஸ் வெட்டி, தேவையான நீளத்துக்கு ஒட்டுப் போடுங்கள். கழுத்தின் மேல்புறத்தில் வைத்துக் கால் அங்குலத்தில் தைத்து, விளிம்பில் சிறு வெட்டுகள் கொடுத்து, உள்பக்கம் திருப்பி மடித்து அடித்துவிடுங்கள்.

பக்கங்களுக்கு: இதுதான் முக்கியம். பிசிறு உள்ளே உரசினால் தோலில் அரிப்பு வரும். அதனால் நல்ல பக்கம் வெளியே தெரிகிறபடி வைத்து முதலில் கால் அங்குலத்தில் தையுங்கள். அக்குள் வளைவில் தையலைத் தொடாமல் லேசாக வெட்டு கொடுங்கள். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அரை அங்குலத்தில் இன்னொரு தையல். பிசிறு முழுவதும் தையலுக்குள் போய்விடும்.

கை வாயையும் அடியையும் மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. லைனிங் வேண்டியிருந்தால் அதுவும் பருத்தியே. சிந்தெடிக் லைனிங் போட்டால் செய்ததெல்லாம் வீண்.

இதையும் கவனியுங்கள்

வியர்வையில் நனைந்ததை மறுநாள் துவைக்காமல் உடுத்தாதீர்கள். நல்ல வெயிலில் உலர்த்துங்கள். வேர்க்குருவின் மேல் பவுடரை அப்பாமல், தண்ணீரில் குளித்து நுங்கு நீரையோ நுங்குத் தோலையோ மெதுவாகத் தடவுங்கள். கொப்புளத்தில் சீழ் பிடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீங்களாக வாங்கித் தடவவே கூடாது.

வெயிலில் இருந்தவருக்கு உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, மயக்கம் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டுக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நீர்மோருக்கும் இளநீருக்கும் கோடையில் தரும் மரியாதையை உடுத்தும் துணிக்கும் கொடுங்கள். இந்தக் கத்திரிக்கு முன்னால் உங்களுக்கு ஒன்று, உங்கள் மகளுக்கு ஒன்று தைத்து வையுங்கள்.