சாய்ப்பு இறக்கும் முன் வாட்டம் பாருங்கள்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் கோடை நாட்களில்தான் கிராமங்களில் வீட்டு வேலை நடக்கிறது. நெல் மூட்டை அடுக்கவும், கன்றுக்குட்டி கட்டவும் இடம் போதாத வீடுகளில் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குவது வழக்கம். பலர் அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, கூரையின் சரிவை இருக்கிற உயரத்துக்குள் எப்படியோ அடக்கி விடுகிறார்கள். தவறு ஐப்பசி மழையில்தான் தெரியவரும். அதற்குள் மூட்டை நனைந்து நெல் முளைத்துவிடும். கைமரமும் உளுக்கத் தொடங்கும். சரிவு போதாமல் ஒழுகும் கூரையை ஓடு மாற்றியோ தார் பூசியோ சரி செய்ய முடியாது. பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

எந்தக் கூரைக்கு எவ்வளவு?

சரிவைக் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பார்கள். படுக்கைவாட்டில் ஓர் அடி தூரத்துக்குக் கூரை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்பதே வாட்டக் கணக்கு. மேலே போடும் பொருளைப் பொறுத்து இது மாறும்.

கீற்று, பனை ஓலை: அடிக்கு 12 அங்குலம். ஒன்றன்மேல் ஒன்றாக வேயும்போது ஓலை கைமரத்தைவிடச் சற்றுப் படுத்தே இருக்கும். ஆகவே வாட்டம் குறைந்தால் நீர் ஓலையிலேயே தங்கிச் சீக்கிரம் மக்கிவிடும்.

மங்களூர் ஓடு: 7 அங்குலம். நீர் வேகமாக வழிந்தால்தான் ஓட்டின் இணைப்பைத் தாண்டிப் போகும். மெதுவாக வழிந்தால் எதிர்க்காற்று அதை மேல்நோக்கித் தள்ளி இடுக்கு வழியே உள்ளே விடும்.

சிமெண்ட் அட்டை: 4 அங்குலம். மேலட்டை கீழட்டையின்மீது 6 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த அட்டையை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். புதிதாகக் கட்டுவோர் அதைத் தவிர்ப்பது நல்லது.

தகரம்: 2½ அங்குலம். சுவரிலிருந்து இறவாரம் வரை ஒரே நீளத் தகடாகப் போட்டால் குறுக்கு இணைப்பே இராது. வெயிலில் சூடு இறங்கும். அடியில் கீற்றுத் தட்டி கட்டினால் சூடு தணியும்.

கணக்குப் போடும் முறை

பழைய கூரையின் இறவாரத்துக்குக் கீழே, சாய்ப்பைப் பொருத்தக்கூடிய இடம் தரையிலிருந்து 9 அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். சாய்ப்பின் அகலம் 9 அடி. சாரல் உள்ளே அடிக்காதிருக்க வெளியே நீட்டுவது 1 அடி. ஆக மொத்தம் 10 அடி. ஆள் தலை இடிக்காமல் நுழையக் கூரையின் கீழ் விளிம்பு 6 அடிக்குக் குறையக் கூடாது. ஆகவே இறங்கக் கிடைப்பது 3 அடி, அதாவது 36 அங்குலம். இதை 10-ஆல் வகுத்தால் அடிக்கு 3.6 அங்குலம் வருகிறது.

இந்த வாட்டத்தில் தகரம் மட்டுமே போட முடியும். மங்களூர் ஓட்டுக்கு 70 அங்குலம் இறங்க வேண்டும். விளிம்பு தரையிலிருந்து 3 அடி 2 அங்குலத்தில் நிற்கும், மாடுகூடக் குனிய வேண்டிவரும். சிமெண்ட் அட்டைக்கும் விளிம்பு 5 அடி 8 அங்குலத்துக்கு வந்துவிடும். கீற்றோ தரையைத் தொட்டுவிடும்.

ஓடுதான் வேண்டும் என்பவர் வாட்டத்தைக் குறைக்காமல் அகலத்தைக் குறைக்க வேண்டும். அகலம் 4 அடி, நீட்டம் 1 அடி என்றால் 35 அங்குலம் இறங்கி, விளிம்பு 6 அடி 1 அங்குலத்தில் நிற்கும். அகலம் அவசியமானால், பின்சுவருக்குப் பதில் பக்கச் சுவரை ஒட்டிப் பழைய கூரையையே அதே வாட்டத்தில் நீட்டிக் கட்டலாம். உயரம் வேண்டுமென்று சாய்ப்பின் தரையைப் பள்ளமாக்கக் கூடாது. மழைநீர் உள்ளே வந்து தேங்கும்.

இணைப்பும் காற்றும்

புதுக் கூரையின் மேல்முனை பழைய இறவாரத்துக்குள் குறைந்தது 9 அங்குலம் நுழைந்திருக்க வேண்டும். அப்படி முடியாவிட்டால் சுவரில் காடி வெட்டித் தகடு செருகி, சிமெண்ட் கலவை பூச வேண்டும். பழைய கூரைத் தண்ணீர் முழுவதும் சாய்ப்பின் மீதே விழும் என்பதால் இந்த இடத்தில் சிக்கனம் கூடாது.

வாட்டம் குறைந்த கூரையைக் காற்று மேலே உறிஞ்சி இழுக்கும். பக்கம் திறந்த சாய்ப்பில் காற்று அடியிலும் புகுந்து தூக்கும். 2018 நவம்பரில் வேதாரண்யம் பகுதியில் கரைகடந்த கஜா புயலில் எண்ணற்ற கூரைகள் பறந்தன. ஆகவே தகரத்தை ஆணியால் அடிக்காமல் கொக்கி போல்ட்டால் இறுக்க வேண்டும். விளிம்புகளில் போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும். கால்களைக் கான்கிரீட்டில் ஊன்றுவதும், வெளிநீட்டம் ஒன்றரை அடியைத் தாண்டாமல் இருப்பதும் நல்லது.

சாமான் வாங்குமுன் சுவரில் ஓர் ஆணி அடித்து, கால் நடும் இடத்தில் ஒரு கம்பு நட்டு, நினைத்த வாட்டத்தில் கயிறு கட்டிப் பார்க்கலாம். தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்தால் இறக்கம் சரியாகத் தெரியும். கயிற்றுக்கு அடியில் ஒருவர் நிமிர்ந்து நடக்க முடிந்தால் வேலையைத் தொடங்கலாம். முடியாவிட்டால் அகலத்தையோ கூரைப் பொருளையோ மாற்றிக்கொள்ள அப்போது செலவு ஏதுமில்லை.