நோயாளிக்கு ஒரு சட்டி கோழி நூடுல்ஸ் சூப்



சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். தனியாக வசிக்கும் வயதான தாயார் ஒருவர், "அடுப்புப் பக்கம் நிக்கத் தெம்பில்லை தம்பி. மூணு நாளா டீயில பன்னைத் தொட்டுத்தான் சாப்பிடுறேன்" என்றார். சுற்றிலும் நம் வீடுகள்தான். யாருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

காய்ச்சல்காரருக்குக் கோழி ஆணம் கொடுப்பது பழைய வழக்கம். ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மூசா இப்னு மைமூன், நோயிலிருந்து தேறுவோருக்கு இதைப் பரிந்துரைத்துள்ளார். சூப் நோயைத் தீர்க்கும் மருந்தல்ல. ஆனால் உடல் இழந்த நீரையும் உப்பையும் ஓரளவு ஈடுசெய்யும்; ஆவி மூக்கடைப்பைத் தளர்த்தும்; மெல்ல முடியாதவருக்கும் புரதம் உள்ளே போகும்.

தேவையானவை (நால்வருக்கு)

எலும்போடு ஹலால் கோழிக்கறி 400 கிராம், தண்ணீர் 6 டம்ளர், சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு துண்டு, கேரட் 1, இடித்த மிளகு 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், நூடுல்ஸ் அல்லது சேமியா 100 கிராம், உப்பு, மல்லித்தழை, எலுமிச்சை.

செய்முறை

பிஸ்மில்லாஹ் சொல்லி, கறியையும் தண்ணீரையும் குக்கரில் வைத்து மூடாமல் கொதிக்க விடுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிட்டால் சூப் தெளிவாக இருக்கும். பிறகு தட்டிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, நறுக்கிய கேரட், மஞ்சள், உப்பு சேர்த்து மூடி, 3 விசில் விடுங்கள். நாட்டுக்கோழி என்றால் 6 அல்லது 7 விசில் வேண்டும். ஆவி அடங்கியதும் எலும்பை நீக்கி, கறியை உதிர்த்து மீண்டும் போடுங்கள். மிளகு சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி, மல்லித்தழை தூவி, எலுமிச்சை பிழியுங்கள்.

நூடுல்ஸைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்து வடித்து, பரிமாறும்போது மட்டும் சேருங்கள். சூப்பிலேயே ஊறினால் நீரை உறிஞ்சிக் குழைந்துவிடும். எல்லாம் முடிய 40 நிமிடம் போதும்.

கவனிக்க வேண்டியவை

பாக்கெட் நூடுல்ஸ் ஆனால் அதன் மசாலாத் தூளைப் போடாதீர்கள். அதில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பைக் குறையுங்கள். பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகை, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறு பிள்ளைகளுக்கு எலும்புத் துணுக்கு இல்லாமல் பார்த்துக் கொடுங்கள். மிஞ்சிய சூப்பை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுமுறை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஆணத்தில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதைச் செயலில் காட்ட இதைவிட எளிய வழி ஏது? இரண்டு டம்ளர் தண்ணீர் கூட ஊற்றுங்கள். ஒரு தூக்குச்சட்டி நிறையும். பக்கத்து வீட்டார் எந்தச் சமயத்தவரானாலும் கொண்டுபோங்கள். அவர் அசைவம் சாப்பிடாதவரென்றால் கோழிக்குப் பதில் காய்கறியும் பருப்பும் போட்டுத் தனியாகக் காய்ச்சுங்கள்.

உங்கள் தெருவில் யாராவது தனியாகப் படுத்திருந்தால் எங்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த மழைக்காலத்தில் எவரும் மூன்று நாள் பன்னோடு கிடக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.